ஒட்டிப்போன பத்திரிகைப் படக் கட்டு: டர்பன் ஈரத்தில் பிரித்தெடுத்த பதிவு

டர்பனில் மூடப்பட்ட ஓர் அச்சகத்தின் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏலத்துக்கு வந்த பத்திரிகைப் படக் கட்டு ஒன்றைப் பிரிக்கும் வேலை ஒருவழியாக முடிந்திருக்கிறது. மொத்தம் 31 படங்கள், எல்லாமே 8-க்கு 10 அங்குலம், கறுப்பு வெள்ளை. 1946 முதல் 1990 வரை தென்னாப்பிரிக்க அரசியலில் வந்துபோன முகங்கள். 23 படங்கள் நல்லபடியாகப் பிரிந்தன. 3 படங்களில் எமல்ஷன், அதாவது உருவம் பதிந்த ஜெலட்டின் படலம், பிய்ந்தது. ஒன்றில் பத்திரிகை ஓவியர் பூசிய வெள்ளை வண்ணம் கரைந்துபோனது. மீதி 4 படங்கள், அதாவது இரண்டு ஜோடிகள், ஒட்டியபடியே இருக்கின்றன. அவற்றை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறது.

இந்த ஊரில் பழைய படம் சேர்ப்பவர்கள் எல்லாருக்கும் இந்தத் தொல்லை வரும். சாட்ஸ்வொர்த், வெருலம், டொங்காட் பக்கத்து வீடுகளின் கராஜ்களில் அட்டைப் பெட்டிக்குள் கிடக்கும் படங்கள் கோடைக்குக் கோடை ஈரத்தை உறிஞ்சும். ஜெலட்டின் இளகும். மேலே ஏற்றிவைத்த கனத்தில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அடுத்த குளிர்காலத்தில் காயும்போது கல்லாகிவிடும். கைக்கு வந்தபோது இந்தக் கட்டும் நமுத்துக் காய்ந்த அப்பளக் கட்டுபோலத்தான் இருந்தது.

எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். பத்திரிகைப் படத்துக்கு இரண்டு முகம். முன்பக்கத்தில் தலைவர் இருப்பார். பின்பக்கத்தில் படத்தை அனுப்பிய செய்தி ஏஜென்சியின் முத்திரை, தட்டச்சு செய்து ஒட்டிய விளக்கச் சீட்டு, வெளியான தேதி, எத்தனை பத்தி அகலத்துக்கு அச்சிட வேண்டும் என்று துணையாசிரியர் கிறுக்கிய குறிப்பு எல்லாம் இருக்கும். பின்பக்கம் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் பிரதி. அதனால் இந்த வேலையில் ஒவ்வொரு முடிவும் பின்பக்கத்தைக் காப்பாற்றுவதிலிருந்துதான் தொடங்கியது.

முதலில் தாளின் வகை. 1970-களுக்கு முந்தைய பத்திரிகைப் பிரதிகள் பெரும்பாலும் ஃபைபர் தாளில் இருக்கும். ஓரத்தை லென்ஸில் பார்த்தால் காகித நார் தெரியும், பின்பக்கம் சாதாரணக் கெட்டித் தாள்போலச் சொரசொரப்பாக இருக்கும், காய்ந்த காற்றில் சுருளும். பிறகு வந்த ஆர்.சி. தாளில் காகிதத்தின் இருபுறமும் பிளாஸ்டிக் படலம். பின்பக்கம் வழுக்கும், சுருளாது. இந்தக் கட்டில் 27 ஃபைபர், 4 ஆர்.சி. நெல்சன் மண்டேலா 1990 பிப்ரவரி 11 அன்று விடுதலையான செய்தியோடு வந்த படம் ஆர்.சி. ஆர்.சி. நான்கும் கட்டின் மேற்புறம் தளர்வாகக் கிடந்ததால் கையாலேயே பிரிந்தன. கீழே சொல்வதெல்லாம் ஃபைபர் பிரதிகளுக்கு மட்டும்.

அடுத்து பூஞ்சணம். கட்டின் ஒரு மூலையில் சாம்பல் நிறத் தூள் படிந்திருந்தது. வீட்டுக்குள் பிரிக்கக் கூடாது. எஃப்.எஃப்.பி.2 முகக்கவசம், நைட்ரில் கையுறை போட்டுக்கொண்டு வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, மென்மையான ஆட்டுமுடி பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். பூஞ்சணம் ஈரமாக இருந்தால் தேய்க்கவே கூடாது, உள்ளே இறங்கிவிடும். முதலில் உலர்த்த வேண்டும். மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, உள்ளே ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை கட்டைத் தொடவில்லை.

ஈரப்பதமானியை நம்பும் முன் அதைச் சோதிப்பது நல்லது. கடையில் வாங்கும் மலிவான கருவிகள் 5 முதல் 10 புள்ளிவரை தவறாகக் காட்டும். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, நனைந்த மணல் பதம் வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்து ஜிப் பையில் மூடி ஓர் இரவு வைத்தால் உள்ளே சரியாக 75 விழுக்காடு நிற்கும். கருவி 68 என்று காட்டினால், இனி அது காட்டுவதோடு 7 கூட்டிக்கொள்ளலாம்.

பின்பக்கத்தைப் பதிவு செய்தல்

தண்ணீர்ப் பக்கம் போகும் முன் தெரிகிற ஒவ்வொரு பின்பக்கத்தையும் 600 டிபிஐ-யில் வண்ண ஸ்கேன் எடுத்தாக வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பாதித் தகவல் போய்விடும். காரணம் இது. பழைய முத்திரைகள் பல ஊதா மையில் இருக்கும். அவை வெளிறியிருந்தாலும், வண்ணப் படத்தைக் கணினியில் திறந்து பச்சை நிற அலைவரிசையை (சேனல்) மட்டும் தனியாகப் பார்த்தால் ஊதா கறுத்து எழும்பும். எழுத்தின் மேலேயே சிவப்பு மெழுகுப் பென்சிலால் கோடு இழுத்திருந்தால் சிவப்பு அலைவரிசையைப் பார்க்க வேண்டும். கோடு மறைந்து அடியிலுள்ள தட்டச்சு தெரியும். காசில்லாத கிம்ப் மென்பொருளிலேயே இது நடக்கும். இந்தக் கட்டில் வெற்றுத் தாள் என்று ஒதுக்கிவைத்த இரண்டு பின்பக்கங்களிலிருந்து இப்படித்தான் தேதி கிடைத்தது.

பென்சில் அழுத்திய தடம் மட்டும் இருந்து கரி போயிருந்தால், விளக்கைத் தாளின் மட்டத்துக்கே இறக்கிப் பக்கவாட்டில் அடித்துப் படமெடுக்கலாம்.

தேதி இல்லாத பிரதிகளுக்கு விளக்கச் சீட்டின் சொற்களே சாட்சி. தென்னாப்பிரிக்க யூனியன் என்று சீட்டு சொன்னால் 1961 மே 31-க்கு முந்தையது. அன்றுதான் நாடு குடியரசானது. படத்துக்குக் கொடுத்த கூலி பவுண்டு ஷில்லிங்கில் எழுதியிருந்தால் 1961 பிப்ரவரி 14-க்கு முந்தையது. அன்று ராண்ட் வந்தது. யு.பி.ஐ. (யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல்) முத்திரை 1958-க்கு முன் இருக்கவே முடியாது, ஏனென்றால் யுனைடெட் பிரஸ், ஐ.என்.எஸ். என்ற இரண்டு செய்தி ஏஜென்சிகளும் அந்த ஆண்டில்தான் இணைந்தன. ஆக்மி என்ற பட ஏஜென்சியின் முத்திரை தனித்து இருந்தால் 1952-க்கு முன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு அது யுனைடெட் பிரஸ்ஸுக்குள் போனது.

தெருப் பெயர்கள் டர்பன்காரர்களுக்கு இன்னொரு கைப்பிடி. 1946 ஜூனில், இந்தியர்களின் நில உரிமையைக் கட்டுப்படுத்திய கெட்டோ சட்டத்தை எதிர்த்து இந்தியர்கள் கூடாரமடித்த இடம் அம்பிலோ சாலையும் கேல் தெருவும் சந்திக்கும் முனை. கேல் தெரு இப்போது மக்வாசா மபலாலா தெரு. அந்தப் போராட்டத்தை நடத்திய டாக்டர் மான்டி நாயக்கரின் பெயர் பைன் தெருவுக்கும், டாக்டர் யூசுப் டாடூவின் பெயர் கிரே தெருவுக்கும், சிறை சென்ற டாக்டர் குணத்தின் பெயர் பிரின்ஸ் எட்வர்ட் தெருவுக்கும் பிற்காலத்தில் வைக்கப்பட்டன. 1946-இன் சீட்டு என்று சொல்லி அதில் புதிய பெயர் இருந்தால், யாரோ பின்னால் எழுதி ஒட்டியது என்று உறுதியாகச் சொல்லலாம். அட்டவணையில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் இரு பத்தியாகப் போட்டிருக்கிறது. ஆட்பெயர்களுக்கும் அதே ஏற்பாடுதான். சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு பத்தி, சரியான தமிழ் எழுத்துக்கூட்டலில் ஒரு பத்தி. சீட்டைத் திருத்தக் கூடாது. தவறான எழுத்துக்கூட்டலும் ஏஜென்சியை அடையாளம் காண உதவும்.

புற ஊதா டார்ச், 365 நானோமீட்டர் வகை, இருந்தே ஆக வேண்டும். 1950-களின் நடுப்பகுதியிலிருந்து ஒளிப்படத் தாளில் வெண்மையூட்டி கலப்பது பரவலானது. இருட்டில் டார்ச் அடித்தால் அத்தகைய தாள் நீலவெள்ளையாக மின்னும். காந்தி 1914 ஜூலையில் இந்த நாட்டைவிட்டுப் போனார். அதற்கு முன் எடுத்த மூலப்பிரதி என்று விற்கப்படும் 8-க்கு 10 பளபளப்புத் தாள் மின்னினால், அது பிற்காலத்தில் படத்தைப் படமெடுத்துப் போட்டது. மின்னவில்லை என்பதால் மட்டும் மூலப்பிரதி ஆகிவிடாது. 1948-இல் அவர் மறைவுச் செய்திக்காகப் பத்திரிகைகள் பழைய படங்களை மறுபிரதி எடுத்தன. அவையும் மதிப்புள்ள பத்திரிகைப் படங்கள்தான், ஆனால் 1948-இன் பிரதி என்று சொல்லித்தான் விற்கவும் வாங்கவும் வேண்டும்.

மண்டேலா படத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 1959-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் கைதிகளைப் படமெடுப்பதையும் வெளியிடுவதையும் தடுத்தது. ஆகவே 1980-களின் முத்திரையோடு வரும் மண்டேலா படத்தில் 1960-களின் முகம் இருப்பது இயல்பு. ஏஜென்சியின் கோப்பிலிருந்து எடுத்துத் திரும்பத் திரும்ப அனுப்பிய பிரதி அது. முகத்தைப் பார்த்து ஆண்டு எழுதக் கூடாது.

கம்பி வழியோ வானொலி வழியோ வந்த படங்களைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் மெல்லிய இணைகோடுகள் தெரியும். விளக்கமும் தனிச் சீட்டாக இருக்காது. படத்தோடு சேர்ந்தே பதிவாகியிருக்கும். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் ஆல்பர்ட் லுதுலி 1961 டிசம்பரில் ஒஸ்லோவில் நோபல் பரிசு பெற்ற செய்தியோடு வந்த படம் இந்த வகை. கூர்மை குறைவு என்று இவற்றைத் தள்ளுபவர்கள் உண்டு. என் கணிப்பில், செய்தி வந்த அன்றே செய்தியறைக்குள் நுழைந்த தாள் இதுதான். அந்த விதத்தில் இதற்கு ஈடு கிடையாது.

உலர்ந்த நிலையில் பிரித்தல்

முகமும் முதுகுமாக ஒட்டியவை ஒரு வகை, முகமும் முகமுமாக ஒட்டியவை இன்னொரு வகை. முதல் வகையில் ஓரங்களில் இடைவெளி இருந்தால் 100 மைக்ரான் பாலியெஸ்டர் தாளை நுழைத்து, இழுக்காமல், இடவலமாக ஆட்டிக்கொண்டே உள்ளே தள்ளலாம். ஓவர்ஹெட் புரொஜெக்டருக்கு வைத்திருந்த பழைய பூச்சில்லாத தாள் போதும். மூலைகளைக் கத்தரியால் உருண்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும். இப்படி 9 படங்கள் தண்ணீர் காணாமலே பிரிந்தன.

எமல்ஷன் பிய்ந்த 3 படங்களும் இந்தக் கட்டத்தில்தான் பிய்ந்தன. தாள் தடைப்படும் இடத்தில் கொஞ்சம் அழுத்தம் கூடினால், முகத்தின் ஜெலட்டின் எதிர்த் தாளின் நாரோடு போய்விடும். டிக் என்று மெல்லிய ஓசை வந்தால் அதுவே கடைசி எச்சரிக்கை. ஓசை கேட்ட பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தாமல் அந்த ஜோடியைத் தண்ணீர் வரிசைக்கு மாற்ற வேண்டும். பிய்ந்த துண்டு எதிர்ப் படத்தின் முதுகில் கண்ணாடி பிம்பமாக நிற்கும். அதைச் சுரண்டி எடுக்க முயலாமல் ஸ்கேன் எடுத்துத் திருப்பினால், காணாமற்போன பகுதி எண்ணியல் பிரதியிலாவது கிடைக்கும்.

ஃப்ரீசரில் வைத்தால் தானாகப் பிரியும் என்று பலர் சொல்வதுண்டு. ஈரமாக வந்த படங்கள் பூஞ்சணம் பிடிக்காமல் நாள்கடத்த ஃப்ரீசர் உதவும். காய்ந்து ஒட்டிய ஜெலட்டினை அது பிரிக்காது.

தண்ணீர்ச் சோதனை

இதைத் தவிர்த்துவிட்டு யாரும் தட்டில் இறக்கக் கூடாது. ஒவ்வொரு ஜோடியிலும் மூன்று இடம். முகத்தின் ஓரத்தில் ஒரு சிறு சொட்டுத் தண்ணீர், ஒரு நிமிடம், பிறகு ஒற்றுத்தாள். தாளில் சாம்பல் நிறம் ஏறினாலோ அந்த இடம் பிசுபிசுத்தாலோ அந்தப் படத்தின் ஜெலட்டினைப் பூஞ்சணம் தின்று கரையும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. தட்டில் போட்டால் உருவம் முழுவதும் தண்ணீரோடு போகும். இரண்டாவது சோதனை முத்திரை மேல், மூன்றாவது கைக்குறிப்பு மேல். தட்டச்சு எழுத்தும் பென்சிலும் பெரும்பாலும் நிற்கும். ஊதா முத்திரையும் ஊற்றுப்பேனா மையும் பல சமயம் ஓடும்.

ஒரு ஜோடியில் ஊதா முத்திரை சொட்டுப் பட்டதும் பரவியது. இன்னொரு ஜோடியில் ஜெலட்டின் பிசுபிசுத்தது. மேலே சொன்ன 4 படங்கள் இவைதான்.

வண்ணம் கரைந்த படத்தின் விஷயம் வேறு. பத்திரிகை அலுவலகத்தில் தலைவரின் தலையைச் சுற்றி வெள்ளை கௌவாஷ் பூசிப் பின்னணியை மறைப்பார்கள். அச்சில் உருவம் எடுப்பாகத் தெரியும். அந்த வண்ணம் தண்ணீரில் கரைவது. அது ஒட்டிய பக்கத்துக்குள் இருந்ததால் வெளியிலிருந்து சோதிக்க வழியில்லை. தட்டில் இறக்கிய சில நொடிகளில் பால்போல் பரவிவிட்டது. அடியிலிருந்த பின்னணிக் கூட்டம் இப்போது தெளிவாகத் தெரிகிறது, ஆனால் பத்திரிகை ஓவியரின் கைவேலை போய்விட்டது. இதற்குத் தடுப்பு உண்டு. இருட்டறையில் ஜோடியின் பின்னால் வலுவான எல்.இ.டி. விளக்கைப் பிடித்தால் ஒளி இரண்டு தாளையும் ஊடுருவி வரும். கௌவாஷ் பூசிய இடம், படத்தின் வடிவத்தோடு பொருந்தாத கறுப்புத் திட்டாகத் தெரியும். மிச்ச ஜோடிகள் அனைத்தையும் அதற்குப் பிறகு இப்படிப் பார்த்துத்தான் இறக்கியது.

தட்டில்

தேவைப்பட்டவை: 12-க்கு 16 அங்குலத்துக்குக் குறையாத, அடி சமமான தட்டு மூன்று. பூனைக்கு மணல் போடும் தட்டு மலிவு, நன்றாகவே வேலை செய்கிறது. அயனி நீக்கிய தண்ணீர், தட்டுக்கு 3 சென்டிமீட்டர் உயரம், சுமார் மூன்றரை லிட்டர். படத்தைத் தாங்க ஜன்னல் கொசுவலைத் துண்டு. பாலியெஸ்டர் தாள். சமையலறை வெப்பமானி.

வெப்பநிலைதான் இதில் முக்கியம். டர்பன் கோடையில் தண்ணீர் சும்மா இருந்தாலே 25 டிகிரிக்கு வந்துவிடும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் மிகையாக ஊறி ஓரத்தில் மடிப்பு விழும். 18 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டைப் பெரிய தொட்டிக்குள் வைத்து, தொட்டியில் உறைந்த தண்ணீர் பாட்டில்களை மிதக்கவிட்டால் போதும். பனிக்கட்டியை நேராகத் தட்டில் போடக் கூடாது, முனை கீறும்.

ஜோடியை வலைமேல் கிடத்தி மெதுவாக இறக்கி, 15 நிமிடம் தொடாமல் விட வேண்டும். பிறகு ஒரு மூலையைப் பாலியெஸ்டர் தாளால் தொட்டுப் பார்க்கலாம். விலகினால் தாளை நீருக்குள்ளேயே நுழைத்து, மேல் படத்தைத் தாளோடு சேர்த்து மிதக்கவிட்டு நகர்த்தலாம். விலகாவிட்டால் இன்னொரு 15 நிமிடம். முதுகு ஒட்டியவை 20 முதல் 40 நிமிடத்தில் விட்டன. முகத்துக்கு முகம் ஒட்டியவை ஒரு மணியை நெருங்கின. அதற்கு மேல் ஊறவைப்பது ஆபத்து. பிரியாததை எடுத்துக் காயவைத்து இன்னொரு நாள் பார்ப்பதே நல்லது.

ஊறிய ஜெலட்டின்மேல் விரல் நகம் பட்டாலே பள்ளம் விழும். கையுறையின் ரப்பர் மடிப்பும் கீறும். படத்தை எப்போதும் வலையோடு சேர்த்தே தூக்க வேண்டும்.

பின்பக்கத்தின் விளக்கச் சீட்டு இந்த நேரத்தில் கழன்று மிதக்கும். பழைய மாப்பசையும் கோந்தும் தண்ணீரில் விட்டுவிடும். பதறத் தேவையில்லை. துணிக்கடையில் விற்கும் விலீன் என்ற நெய்யாத உள்துணித் துண்டை அடியில் நீட்டிச் சீட்டை ஏந்தி எடுத்து, படத்தின் எண்ணைப் பென்சிலால் விலீன் ஓரத்தில் உடனே எழுத வேண்டும். யூசுப் டாடூ தெருப் பக்கத்துத் துணிக்கடைகளில் கேட்கும்போது, இஸ்திரி போட்டால் ஒட்டாத ரகம் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஒட்டும் ரகத்தில் ஒருபுறம் பசைப்புள்ளிகள் இருக்கும். அது படத்தில் பட்டால் முடிந்தது.

பிரிந்த படத்தை இரண்டாவது தட்டில் ஐந்து நிமிடம் அலசி, மூன்றாவதில் ஃபோட்டோ-ஃப்ளோ கலந்த தண்ணீரில் அரை நிமிடம். பாட்டிலில் 1-க்கு 200 என்றிருக்கும். பழைய பிரதிக்கு 1-க்கு 400 போதும். நீர்த்தடம் விழாமல் அது காக்கும்.

தண்ணீரில் ஸ்பிரிட் கலக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே கடையில் விற்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஊதாச் சாயம் ஏற்றியது. தாளில் பட்டால் கறை. 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மட்டும் வாங்க வேண்டும்.

இன்னொன்றும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்துப் பளபளப்பு, ஈரப் பிரதியைச் சூடான குரோம் உருளையில் முகம் படிய ஒட்டி உலர்த்தியதால் வந்தது. தண்ணீரில் ஊறிக் காற்றில் காய்ந்தால் கண்ணாடிப் பளபளப்பு போய், முட்டையோட்டுப் பளபளப்புதான் மிஞ்சும். திரும்ப மெருகேற்றும் உருளைகள் இன்றும் கிடைக்கும். பழைய பிரதியை அதில் கொடுப்பது கூடவே கூடாது. பளபளப்புக் குறைவை விற்கும்போது சொல்லிவிட வேண்டும். உலர்ந்த நிலையிலேயே எத்தனையைப் பிரிக்க முடியுமோ அத்தனையைப் பிரிப்பது இதற்காகத்தான்.

காயவைத்தலும் தட்டையாக்கலும்

முகம் மேலாக, வலைமேல், மின்விசிறி நேராகப் படாமல். பிப்ரவரியில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொட்ட நாட்களில் இரவு முழுவதும் வைத்தும் ஜெலட்டினில் ஒட்டல் போகவில்லை. அந்த நிலையில் ஒற்றுத்தாளுக்குள் வைத்த முதல் தொகுதியில் தாளின் நார் முகத்தில் பிடித்துக்கொண்டது. மறுபடி நனைத்துத்தான் எடுக்க முடிந்தது. புறங்கை முட்டியால் ஓரத்தைத் தொட்டால் குளுமையே தெரியக் கூடாது. அதன் பிறகுதான் விலீன், ஒற்றுத்தாள், விலீன் என்று அடுக்கி, இரண்டு லேமினேட் பலகைக்கு நடுவே வைத்து 10 கிலோ ஏற்றலாம். முதல் நாள் காலை மாலை ஒற்றுத்தாள் மாற்ற வேண்டும், பிறகு நாளுக்கு ஒருமுறை. இரண்டு வாரத்துக்குக் குறைந்து எடுத்தால் மீண்டும் சுருளும். லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு நேரத்தில் ஈர உறிஞ்சி இயந்திரம் நின்று அறைக்குள் ஈரம் ஏறும். அழுத்தத்தில் இருக்கும் அடுக்கைப் பெரிய பிளாஸ்டிக் பையால் மூடிவைத்தால் அந்த மணிநேரங்களைச் சமாளிக்கலாம்.

முதுகுச் சுத்தம்

ரப்பர் சிமென்ட் என்னும் பசை பழுப்பாகிக் காய்ந்திருந்தால், செருப்புத் தைப்பவரிடம் கிடைக்கும் இயற்கைக் கிரேப் சோல் துண்டால் உருட்டி உருட்டி எடுத்தால் வந்துவிடும். துரு ஏறிய கிளிப்பை இழுக்காமல், தாளின் இருபுறமும் பாலியெஸ்டர் கீற்றை நுழைத்துக் கிளிப்பை அகலத் திறக்க வேண்டும். செல்லோடேப் கறையைத் தொடவில்லை. மெழுகுப் பென்சில் கோடுகளைத் துடைக்கவே கூடாது. முன்பக்கத்தில் தலைவரின் முகத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போனாலும், பத்திரிகை எந்தப் பகுதியை அச்சிட்டது என்பதன் ஆவணம் அது. அழித்துவிட்டு அழகாகிவிட்டது என்று விற்பவர்களிடம் வாங்காமலிருப்பதே நல்லது. நிழல் பகுதிகளின் ஓரத்தில் தெரியும் வெள்ளி மினுமினுப்பையும் அப்படியே விட்டாயிற்று. அது வயதின் அடையாளம், போலிப் பிரதியில் எளிதில் வராதது.

கழன்ற சீட்டுகளைத் திரும்ப ஒட்டியது கோதுமை ஸ்டார்ச் பசையால். மைதா வேண்டாம், அதிலுள்ள புரதம் பூச்சியை அழைக்கும். ஸ்டார்ச் 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு, அடிபிடிக்காமல் 20 நிமிடம் கிளறி, ஆறியதும் சல்லடையில் தேய்த்து இறக்கியது. மேல் ஓரத்தில் 5 மில்லிமீட்டர் பட்டைக்கு மட்டும். முழுச் சீட்டையும் ஒட்டினால் அடியிலிருக்கும் முத்திரை மறைந்துபோகும்.

உறையும் பெட்டியும்

பளிங்குபோன்ற பாலியெஸ்டர் உறை கண்ணுக்கு அழகு. டர்பனில் வேண்டாம். ஈரம் ஏறினால் பளபளப்பு முகம் உறையோடு ஒட்டி, பட்ட இடம் மட்டும் கண்ணாடிபோல் ஆகிவிடும். ஒளிப்படங்களுக்குக் கேடு செய்யாது என்று சோதனையில் தேறிய, அமிலமில்லாத காகித உறைதான் சரி. பி.வி.சி. உறையை எந்த ஊரிலும் பயன்படுத்தக் கூடாது. அலமாரியில் கற்பூரமும் நாப்தலீன் உருண்டையும் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த ஆவி படங்களுக்கு ஆகாது. ஃபிஷ்மாத் எனப்படும் வெள்ளிமீன் பூச்சி ஜெலட்டினைத் தின்னும், ஆனால் ஈரம் குறைந்தால் அதுவும் குறையும்.

40 லிட்டர் பாலிபுரொப்பைலின் பெட்டிக்கு அரைக் கிலோ ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 35 முதல் 50-க்குள் நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். நிறம் பச்சையானதும் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்தால் திரும்பத் தயார். அடையாள எண் முதுகின் கீழ் ஓரத்தில் 2பி பென்சிலால், தாள் கெட்டியான தளத்தில் கிடக்கும்போது, அழுத்தாமல்.

செலவு. கட்டு 1,800 ராண்ட். தண்ணீர் 25 லிட்டர் 300, ஒற்றுத்தாள் 700, விலீன் 150, தட்டுகள் 240, ஆல்கஹால் 150, சிலிக்கா ஜெல் 300, இரண்டு ஈரப்பதமானி 360, உறைகள் 480. ஆக 2,680 ராண்ட். வாங்கிய விலையைவிடப் பராமரிப்பு கூடுதல். ஒட்டிய கட்டை விலை பேசும்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். படத்தாள் கைக்கு வருவதால் பதிப்புரிமை வந்துவிடாது என்பதையும் சேர்த்து. வெளியிடும் எண்ணமிருந்தால் ஏஜென்சியிடம் தனியாகக் கேட்டாக வேண்டும்.

அடுத்த கட்டுக்கு மாற்றுவதாக இருப்பவை: தண்ணீர் வேலை முழுவதும் ஜூன், ஜூலைக்கு. அந்த மாதங்களில் காற்று தானாகவே உலர்ந்திருக்கும், பாதி ஒற்றுத்தாள் மிச்சமாகும். எல்.இ.டி. ஊடுருவல் சோதனை முதல் நாளிலேயே. உலர்பிரிப்பில் தடை வந்தால் உடனே நிறுத்தம். அடையாளம் தெரியாத மேடை முகங்களுக்கு, க்வாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்தின் தொகுப்போடு ஒப்பிட எண்ணியல் பிரதிகளை முன்பே தயாராக்குவது.

பிரிக்காத இரண்டு ஜோடிகளும் விலீனுக்கு நடுவே தட்டையாக, தனித் தனி உறையில், அதே பெட்டியில் இருக்கின்றன. அவை பயிற்சி பெற்ற காகிதப் பராமரிப்பாளரிடம் போகும். உறையோடு சோதனை முடிவும் எழுதி வைத்தாயிற்று: முதல் ஜோடி, ஊதா முத்திரை தண்ணீரில் பரவும், ஜெலட்டின் கெட்டி, இரண்டாம் ஜோடி, முத்திரை நிற்கும், இடது கீழ் மூலையில் ஜெலட்டின் கரையும், தண்ணீர் கூடாது.